"சேர்த்துப் படிச்சா புரியலீங்க சார்": ஆங்கிலச் சோதனைக் கவிதையை எங்கிருந்து தொடங்குவது

சனிக்கிழமை சாயங்காலம் சோமனூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேர் கூடிப் படிக்கிறோம். பெரும்பாலும் கோவையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள், ஒருத்தர் மட்டும் படிப்பை முடித்துவிட்டு நெட் தேர்வுக்குத் தயாராகிறார். போன மாதம் அமெரிக்கக் கவிஞர் லின் ஹெஜினியனின் 'மை லைஃப்' என்ற சுயசரிதை நூலிலிருந்து முதல் இரண்டு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். பகலில் வகுப்பு, ராத்திரி விசைத்தறியில் ஷிப்டு என்று ஓடுகிற ஒரு தம்பி, பத்து நிமிஷம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தான். "ஒவ்வொரு வரியும் புரியுதுங்க சார். சேர்த்துப் படிச்சா ஒண்ணுமே புரியலீங்க. இவங்க என்னதான் சொல்ல வராங்க?"

அவன் அதைத் தன் குறையாகத்தான் சொன்னான். தமிழ் மீடியத்தில் படித்தவன், தனக்கு ஆங்கிலம் போதவில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டான். ஆனால் அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒருவர் முதலில் கவனிக்க வேண்டியதைத்தான் அவன் கவனித்திருந்தான். ஒவ்வொரு வாக்கியமும் தெளிவாக இருக்கும், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகிற வழி மட்டும் இருக்காது, அதைத் தெரிந்தேதான் அப்படிக் கட்டியிருக்கிறார் ஹெஜினியன். அமெரிக்காவில் பிறந்து, வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த ஒருவரும் அதே இடத்தில்தான் நின்று முழிப்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்துப் பிள்ளைகள், அதுவும் வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறினவர்கள், புரியாத எல்லாவற்றுக்கும் தங்கள் ஆங்கிலத்தின்மேலேயே பழி போட்டுக்கொள்கிறார்கள். எழுதுகிற முறையையே மாற்றிச் சோதித்துப் பார்க்கிற இந்த வகைக் கவிதையை 'எக்ஸ்பெரிமென்டல்', அதாவது சோதனைக் கவிதை என்பார்கள், இதில் கடினமான சொல் மிகக் குறைவு. அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் 1914-இல் வெளியிட்ட 'டெண்டர் பட்டன்ஸ்' நூலின் முதல் துண்டு ஒரு கண்ணாடிக் குடுவையைப் பற்றியது, அதைக் 'குருட்டுக் கண்ணாடி' என்கிறார். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள்தான். சிக்கல் சொல்லில் இல்லை, நாம் கேட்கிற கேள்வியில் இருக்கிறது.

'இந்தக் கவிதை என்ன சொல்கிறது?' என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் பள்ளியிலிருந்து நாம் கவிதை படித்து வந்திருக்கிறோம். சம்மரி, தீம், கருத்து, கடைசியில் கவிஞரின் சிறப்பு. நான் எம்.ஏ. படித்தபோது அமெரிக்கக் கவிஞர் ஜான் ஆஷ்பெரியின் கவிதை ஒன்றுக்கு 'நவீன மனிதனின் தனிமை' என்று ஒரு வரி எழுதிப் போட்டார்கள், எல்லோரும் அதையே எழுதினோம், மார்க்கும் வந்தது. பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது, அந்த ஒரு வரியை அந்தப் பாடத்திட்டத்தில் இருந்த எந்தக் கவிதைக்கு எழுதினாலும் பொருந்தியிருக்கும். எல்லாக் கவிதைக்கும் பொருந்துகிற விடை எந்தக் கவிதையையும் படிக்காமல் எழுதக்கூடிய விடை. அந்த இரண்டு வருஷத்தையும் இப்போது நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

எங்கப்பா தறிக்காரர். கடையில் ஒரு துணியைக் கையில் எடுத்தால் முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். ஓரத்தில் ஓர் இழையை உருவி நூல் என்ன கவுண்ட், அதாவது எவ்வளவு சன்னம் என்று சொல்வார், குறுக்கே ஓடுகிற ஊடை எவ்வளவு நெருக்கம் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இது எப்படி நெய்யப்பட்டது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. சோதனைக் கவிதையைப் படிக்க வேண்டிய கேள்வியும் அதுதான் என்பது என் கட்சி: இது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது, படிக்கிற என்னிடம் இது என்ன வேலை வாங்குகிறது? இந்தக் கேள்வியோடு போனால் பெரும்பாலான பூட்டுகள் திறந்துவிடுகின்றன. அர்த்தம் அப்புறம் வருகிறது, சில நேரம் நாம் நினைத்ததைவிட அதிகமாகவே வருகிறது.

சரி, இந்தக் கவிதை எங்கிருந்து வந்தது?

வரலாறு நீளம், தேவையானதை மட்டும் சொல்கிறேன். அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் 1923-இல் வெளியிட்ட சிவப்புத் தள்ளுவண்டிக் கவிதை பல பாடத்திட்டங்களில் இருக்கிறது. மொத்தம் 16 சொல், 8 வரி, மூன்று சொல் ஒரு சொல், மூன்று சொல் ஒரு சொல் என்று நான்கு முறை. மழையில் நனைந்த வண்டி, பக்கத்தில் வெள்ளைக் கோழிகள், அவ்வளவுதான். நம் ஊர்க் களத்துமேட்டில் தினமும் பார்க்கிற காட்சி. 'தள்ளுவண்டி'க்கான ஆங்கிலச் சொல்லையே இரண்டாக உடைத்து அடுத்த வரியில் போட்டுவிட்டார், 'மழைநீர்' என்பதையும் அப்படியே. சொல் உடைகிற இடத்தில் கண் ஒரு கணம் நிற்கிறது, அந்த ஒரு கணத்துக்குத்தான் கவிதை. 1950-இல் கவிஞர் சார்ல்ஸ் ஓல்சன் 'ப்ரொஜெக்டிவ் வெர்ஸ்' என்ற கட்டுரையில் வரியின் நீளத்தை யாப்பு தீர்மானிக்க வேண்டாம், எழுதுகிறவரின் மூச்சு தீர்மானிக்கட்டும் என்றார். 1960-இல் டொனால்ட் ஆலன் 44 கவிஞர்களைத் திரட்டி ஒரு தொகுப்புப் போட்டார், பல்கலைக்கழகங்கள் அதுவரை கண்டுகொள்ளாத ஆட்களில் பலர் அதில் இருந்தார்கள். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

திருப்பம் எழுபதுகளில் வருகிறது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது, கிராமங்களைக் காலி செய்து கொளுத்துவதையும் உள்ளடக்கிய ஒரு திட்டத்துக்கு 'அமைதிப்படுத்தல்' என்று அரசாங்கம் பெயர் வைத்திருந்தது. நியூயார்க்கிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் இருந்த இளம் கவிஞர்கள் சிலருக்கு இது ஆழமாகப் பட்டது. சொற்கள் இப்படிப் பொய்யாக வழவழப்பாக ஓடுகிறபோது, அதே வழவழப்பான வாக்கியத்தில் 'நான் இன்று காலை ஜன்னல் வழியே பார்த்தேன், மனம் கனத்தது' என்று கவிதை எழுதுவது சரியா? மொழி ஒரு சுத்தமான கண்ணாடி, அதன் வழியே கவிஞரின் மனதை நேரே பார்க்கலாம் என்ற நம்பிக்கையையே அவர்கள் சந்தேகித்தார்கள். 1971-இல் வந்த 'திஸ்' இதழில் கவிஞர் ராபர்ட் கிரெனியர் 'பேச்சை வெறுக்கிறேன்' என்று முழுவதும் பெரிய எழுத்தில் எழுதினார். 1978-இல் புரூஸ் ஆண்ட்ரூஸும் சார்ல்ஸ் பெர்ன்ஸ்டீனும் ஓர் இதழ் தொடங்கினார்கள், 1981 வரை வந்தது. அதன் பெயர் 'லாங்வேஜ்', ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் ஒரு சமக் குறி. அந்தச் சமக் குறிகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு சொல்லை முழுசாக விழுங்க விடாமல் எழுத்து எழுத்தாக மெல்ல வைக்கிறது. மொழி எதையோ காட்டுகிற ஜன்னல் என்று நினைத்துக் கடந்து போகிறவரை நிறுத்தி, இதோ இந்த ஜன்னலையே பார் என்கிறது. லாங்வேஜ் கவிஞர்கள் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இவர்களைத்தான்.

இனி அந்தத் தம்பியின் தாளுக்குத் திரும்பி வருகிறேன். ஹெஜினியன் 'மை லைஃப்' எழுதியபோது அவருக்கு வயது 37. புத்தகத்தில் 37 பகுதிகள், ஒவ்வொரு பகுதியிலும் 37 வாக்கியங்கள், ஒரு பகுதி வாழ்க்கையின் ஒரு வருஷத்துக்கு. 1980-இல் வெளிவந்தது. அப்புறம் 45 வயதில் திரும்ப எடுத்து, எட்டுப் பகுதி புதிதாகச் சேர்த்து, ஏற்கெனவே இருந்த ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எட்டு வாக்கியத்தை இடையிடையே செருகி, 45-க்கு 45 ஆக்கி 1987-இல் மறுபடி வெளியிட்டார். வயது கூடக் கூடப் பழைய ஞாபகத்துக்குள்ளும் புதிய வரி நுழைகிறது. நம் எல்லோருக்கும் நடப்பதுதானே? அஞ்சு வயசில் திருவிழாவில் தொலைந்துபோன கதையை இருபது வயசில் ஒரு மாதிரி சொல்கிறோம், நாற்பதில் வேறு மாதிரி, நடுவில் அம்மா சொன்னதும் தம்பி சொன்னதும் கலந்து போயிருக்கும். சுயசரிதை என்றால் பிறந்தேன், படித்தேன், வேலைக்குப் போனேன் என்று நேர்கோட்டில் போக வேண்டும் என்ற வழக்கத்தை அவர் உடைத்ததே ஞாபகம் அப்படி வேலை செய்வதில்லை என்பதால்தான்.

முதல் பகுதிக்குத் தலைப்புபோல நிற்கிற வரி 'ஒரு நிறுத்தம், ஒரு ரோஜா, தாளில் ஏதோ ஒன்று' என்று வரும். அந்த வரி புத்தகத்தில் பின்னாலும் வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் அக்கம்பக்கத்து வாக்கியங்கள் வேறாக இருப்பதால் அதன் நிறமும் மாறிவிடுகிறது. பாட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதில்லை. பல்லவி திரும்ப வருகிறது, ஆனால் முதல் சரணத்துக்குப் பின் வருகிற பல்லவியும் மூன்றாம் சரணத்துக்குப் பின் வருகிற பல்லவியும் ஒன்றல்ல.

அந்த வாக்கியங்களுக்கு நடுவே உள்ள வெட்டைப் பற்றி லாங்வேஜ் கவிஞர்களில் ஒருவரான ரான் சில்லிமன் நிறைய யோசித்தார், 1987-இல் வந்த 'தி நியூ சென்டன்ஸ்' நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது. சாதாரண உரைநடையில் ஒரு வாக்கியம் அடுத்ததைக் கைபிடித்துக் கூட்டிப் போகும், 'ஆகவே', 'ஆனால்', 'அதனால்' என்று. இங்கே அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறார்கள். விசைத்தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற இழைகள், தீர்ந்துபோனால் பழைய பாவின் நுனியையும் புதுப் பாவின் நுனியையும் இழை இழையாகப் பிணைக்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழை, அதற்கென்றே கை தேர்ந்தவர்கள் வருவார்கள். ஹெஜினியன் பிணைக்காத பாவை நம் மடியில் போடுகிறார். எந்த நுனியை எந்த நுனியோடு சேர்ப்பது என்பது படிக்கிறவரின் வேலை. ஒருவர் ரோஜாவை அப்பா போரிலிருந்து திரும்பி வந்த கணத்தோடு சேர்ப்பார், இன்னொருவர் தாளோடு சேர்த்துவிட்டுப் போவார். 1983-இல் பேசிய 'தி ரிஜெக்‌ஷன் ஆஃப் க்ளோஷர்' உரையில் ஹெஜினியன் இதைத்தான் திறந்த பிரதி என்று விளக்குகிறார்: எழுதுகிறவரே அதிகாரத்தை முழுவதும் வைத்துக்கொள்ளாமல் படிக்கிறவரையும் உள்ளே சேர்த்துக்கொள்கிற எழுத்து. பாவு பிணைக்கிற உதாரணத்தைச் சொன்னதும் அந்தத் தம்பிக்கு முகம் மாறியதைப் பார்த்தேன். "அப்ப வேலை நமக்குத்தானுங்களா?" என்றான். ஆமாம் கண்ணு, வேலை நமக்குத்தான்.

இன்னொரு பெரிய கிளை, விதி வைத்து எழுதுவது. 1960-இல் பிரான்சில் ரேமோன் கெனோவும் ஒரு கணிதக்காரரும் சேர்ந்து 'ஊலிப்போ' என்று ஒரு குழு தொடங்கினார்கள். கெனோ 1961-இல் பத்து சானெட் எழுதினார், ஒவ்வொன்றும் 14 வரி, பத்துக்கும் ஒரே இயைபு. தாளை வரிவரியாகக் கத்தரித்துவிட்டார். எந்தச் சானெட்டின் முதல் வரியோடும் எந்தச் சானெட்டின் இரண்டாம் வரியையும் சேர்க்கலாம். மொத்தம் எத்தனை கவிதை வரும் தெரியுமா, ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் வருகிற எண்ணிக்கை. ஒரு மனித ஆயுளில் படித்து முடிக்க முடியாத புத்தகம், பத்தே பக்கத்தில். அதே குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் பெரெக் 1969-இல் பிரெஞ்சில் அதிகம் வருகிற 'e' எழுத்தே இல்லாமல் ஒரு முழு நாவல் எழுதினார். ஆங்கிலத்தில் கனடாக்காரர் கிறிஸ்டியன் பக் 2001-இல் 'யூனோயா' கொண்டுவந்தார், ஓர் அத்தியாயத்துக்கு ஒரே ஓர் உயிரெழுத்துதான். சிறுமுகைப் பக்கம் பட்டுச்சேலைத் தறிகளில் ஜக்கார்டு அட்டை ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் தன்மை உடனே பிடிபடும். அட்டையில் துளை போடுகிறவர் பூவை வரைவதில்லை, எந்த இழை தூக்க வேண்டும் எது தூக்கக் கூடாது என்ற கட்டளையை மட்டும் எழுதுகிறார். தறி ஓடும்போதுதான் பூ வருகிறது. விதிக் கவிதையும் அப்படித்தான், கவிஞர் முதலில் அட்டையைச் செய்கிறார்.

இதை வகுப்பில் சொன்னதும் யாராவது ஒருவர், நியாயமாகவே, 'நம்மகிட்டயே இருக்குதுங்களே சார்' என்பார். இருக்கிறது. திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது, 'யாமாமாநீ யாமாமா' என்று தொடங்கும், பாட்டை முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. காளமேகப் புலவர் 'தாதிதூ தோதீது தத்தைதூ தோதாது' என்று தகர வரிசையை மட்டும் வைத்து ஒரு முழு வெண்பாவை முடித்தார். உதடு ஒட்டாத எழுத்துகளை மட்டும் வைத்துப் பாடுகிற நிரோட்டம், பாம்பு வடிவிலும் தேர் வடிவிலும் எழுத்தை அடுக்குகிற நாகபந்தம், தேர்ப்பந்தம் என்று நம் அணியிலக்கண நூல்கள் ஒரு வரிசையே சொல்கின்றன. இவற்றுக்கு மிறைக்கவி என்றே பெயர், வருத்தி எழுதுகிற கவி. ஆனால் 'அப்ப அவங்க புதுசா என்ன செஞ்சுட்டாங்க' என்று அங்கேயே பேச்சை முடித்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. சம்பந்தர் விதியை இறைவன் முன் வைத்தார், காளமேகம் சபை முன் வைத்தார். பெரெக் பிறந்தது யூதக் குடும்பத்தில், அப்பா போரில் செத்தார், அம்மா நாஜி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வரவே இல்லை. அவர் எழுத்தில் ஓர் எழுத்து காணாமல் போவதை வெறும் திறமை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. உத்தி ஒன்றாக இருக்கலாம், எதற்காக எடுத்தார்கள் என்பது வேறு.

நம் மரபு இங்கே நிஜமாக உதவுகிற இடம் ஒன்று உண்டு, அது காது. துறவு அதிகாரத்தில் 'யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்' என்ற குறளைச் சொல்லிப் பாருங்கள், உதடு ஒரு இடத்திலும் ஒட்டாது. அதே அதிகாரத்தில் கடைசிக் குறள் 'பற்றுக பற்றற்றான் பற்றினை', சொல்லச் சொல்ல உதடு ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒட்டாமல் இருப்பதைப் பற்றிச் சொல்கிற குறளில் வாயே ஒட்டவில்லை என்று தமிழாசிரியர் ரசித்துச் சொல்லிக் கேட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். அன்றைக்கு நாம் கருத்தைத் தாண்டி ஓசை செய்கிற வேலையைக் கவனித்தோம். அந்தக் கவனத்தை ஆங்கில வகுப்பு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி விட்டுவிட வேண்டியதில்லை.

இதெல்லாம் வெறும் வித்தை, கவிதைக்கு நெஞ்சில் ஈரம் வேண்டாமா என்ற கேள்வி எனக்கும் பல வருஷம் இருந்தது. 'ஸாங்!' என்ற கவிதைப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் அது தீர்ந்தது. 1781-இல் 'ஸாங்' என்ற அடிமை வணிகக் கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்தது, லிவர்பூல் முதலாளிகளுடையது. தண்ணீர் பற்றாக்குறை என்று காரணம் சொல்லி, 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மக்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். இது வழக்குமன்றத்துக்குப் போனது, கொலை வழக்காக அல்ல, இன்சூரன்ஸ் வழக்காக. தொலைந்துபோன 'சரக்கு'க்கு இழப்பீடு உண்டா இல்லையா என்பதுதான் விவாதம். 'கிரெக்சன் எதிர் கில்பர்ட்' என்ற 1783-ஆம் வருஷத்து வழக்குக் குறிப்பு இரண்டே பக்கம் இருக்கும். டொபாகோவில் பிறந்து கனடாவில் வக்கீலாக இருந்த எம். நூர்பெசே பிலிப், தன் புத்தகம் முழுவதையும் அந்த இரண்டு பக்கத்தில் உள்ள சொற்களைக் கொண்டே எழுத வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டார். 2008-இல் வெளிவந்தது.

எப்படி எழுதுகிறார் என்பதைக் கவனியுங்கள். முதல் பகுதியில் அந்தச் சொற்களைப் பக்கம் முழுக்கச் சிதறவிடுகிறார், நடுவில் பெரிய பெரிய வெற்றிடம். தண்ணீர் என்ற சொல்லே எழுத்து எழுத்தாகத் திக்கித் திக்கி வருகிறது, தொண்டையில் அடைத்ததுபோல. போகப் போகச் சொற்களையே உடைக்கிறார், உடைந்த எழுத்துகளிலிருந்து யோருபா, லத்தீன் என்று பல மொழிச் சொற்கள் எழுந்து வருகின்றன. தூக்கி எறியப்பட்டவர்களின் பெயர் அந்த வழக்குக் குறிப்பில் இல்லை, அதனால் முதல் பகுதியின் பக்கங்களுக்கு அடியில், கடலடியில் கிடப்பதுபோல, ஆப்பிரிக்கப் பெயர்களை அவரே வைத்து வரிசையாக அடுக்கியிருக்கிறார். இந்தக் கதையை வழக்கமான வாக்கியத்தில் சொன்னால் என்ன ஆகும்? எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று எழுதினால், அந்த மனிதர்கள் மறுபடியும் செயப்படுபொருளாகவே ஆவார்கள். வழக்குக் குறிப்பு எழுதப்பட்டதே நல்ல இலக்கணமான ஆங்கிலத்தில்தான். அந்த இலக்கணத்தைப் பிலிப் உடைத்ததற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

இதோடு வைத்துப் பார்க்க இன்னொரு சம்பவம். அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோல்ட்ஸ்மித் 2000 செப்டம்பர் 1-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை முழுவதையும் அப்படியே டைப் அடித்து 'டே' என்று 2003-இல் புத்தகமாக்கியவர். யோசனையே படைப்பு, முழுசாகப் படிக்க வேண்டியதில்லை என்பது அவர் தரப்பு, எனக்கும் அதைப் படிக்கத் தோன்றவில்லை. 2015-இல் அவர் ஒரு மேடையில், அமெரிக்காவின் ஃபெர்கூசன் நகரில் போலீஸ்காரர் சுட்டுக் கொன்ற மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞரின் பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கொஞ்சம் மாற்றிக் கவிதையாக வாசித்தார். கடும் கோபம் எழுந்தது, எழ வேண்டியதுதான். பிலிப்பும் ஓர் அரசாங்கத் தாளைத்தான் எடுத்தார், கோல்ட்ஸ்மித்தும் அதையேதான் செய்தார். ஒருவர் அந்தத் தாளின் அதிகாரத்தைக் கிழித்து உள்ளே அடைபட்ட குரலைத் தேடினார், மற்றவர் அந்தத் தாளின் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டு பேசினார். 'பின்நவீனத்துவம்' என்ற ஒரே பையில் இரண்டையும் போட்டுக் கட்டிவிட்டால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். பின்நவீனத்துவத்தைப் பற்றிப் பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் 1979-இல் எழுதியதிலிருந்து 'பெருங்கதையாடல்கள்மீது (எல்லாவற்றையும் ஒரே கதையில் விளக்கிவிடுகிற பெரிய கொள்கைகள்மீது) அவநம்பிக்கை' என்ற வரியை மனப்பாடம் செய்து எல்லாக் கவிதைக்கும் ஒட்டுகிற பழக்கத்தை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது கூடுதல் அந்நியமாகத் தெரிவதற்குக் கோவையின் சொந்தக் கவிதை வரலாறும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1971-இல் இங்கேதான் 'வானம்பாடி' கவிதை இதழ் தொடங்கியது, விலையிலாக் கவிமடல் என்று காசு வாங்காமல் கொடுத்தார்கள். புவியரசு, சிற்பி, ஞானி என்று பெரிய கூட்டம். கவிதை மக்களிடம் நேரே போக வேண்டும், கேட்ட உடனே நெஞ்சில் தைக்க வேண்டும் என்பது அவர்களின் உந்துதல். அது அந்தக் காலத்துக்குத் தேவைப்பட்ட பெரிய காரியம், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் பின்வந்த கவியரங்க மேடைகளில் வளர்ந்த நம் காதுக்குக் கவிதை என்றாலே கடைசி வரியில் கைதட்டல் வாங்குகிற செய்தி என்று பதிந்துவிட்டது. பாருங்கள், 1971-லேயே அமெரிக்காவில் கிரெனியர் பேச்சை வெறுக்கிறேன் என்று எழுதுகிறார், அதே வருஷம் கோவையில் ஒரு கூட்டம் கவிதையை மேடைக்கு ஏற்றுகிறது. இரண்டு பேருக்கும் ஆட்சியிலிருந்தவர்கள்மேல் கோபம்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பிஎச்.டி. ஆய்வு செய்தால் நான் முதல் ஆளாகப் படிப்பேன். தமிழிலும் அந்தப் பக்கத்து யோசனைகள் வராமல் இல்லை, எண்பதுகளில் கவிஞர் பிரம்மராஜன் 'மீட்சி' இதழில் உலகக் கவிதைகளை மொழிபெயர்த்துக் கொண்டுவந்துகொண்டிருந்தார், அவரே ஆங்கிலம் கற்பித்தவர்தான்.

படிக்கிற முறைக்கு வருகிறேன். சத்தமாகப் படியுங்கள், முதல் தடவை எதையும் தேடாமல். இரண்டாம் தடவை எண்ணுங்கள், வரி, சொல், வாக்கியம், திரும்ப வருகிற தொடர். பென்சவுண்ட் என்ற தளத்தில் இந்தக் கவிஞர்கள் தங்கள் குரலிலேயே படித்த பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆல் ஃபில்ரெய்ஸ் 2012 முதல் இணையத்தில் நடத்துகிற 'மாட்போ' என்ற நவீன அமெரிக்கக் கவிதை வகுப்புக்கும் காசு கிடையாது, அவரும் மாணவர்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கவிதையைச் சொல் சொல்லாகப் பிரிப்பார்கள். அந்த வீடியோக்களில் எனக்குப் பிடித்தது, யாருக்கும் முன்கூட்டியே விடை தெரிந்ததுபோல இருக்காது.

எல்லாவற்றையும்விட உதவுவது, அந்த விதியை எடுத்து நாமே ஒரு தடவை செய்து பார்ப்பது. டாம் பிலிப்ஸ் 1966-இல் ஒரு பழைய விக்டோரியா கால நாவலை வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் வண்ணம் பூசிச் சொற்களை மறைத்து, மிஞ்சிய சொற்களில் வேறொரு புத்தகம் செய்யத் தொடங்கினார், அழித்தெழுதும் கவிதைக்கு அது பெரிய முன்னோடி. அதைச் சொல்லிவிட்டு, கையில் கிடைக்கிற எந்த நோட்டீஸையாவது எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். பல்லடம் பக்கத்துப் பெண் ஒருத்தி வீட்டுமனை விற்பனை நோட்டீஸ் கொண்டுவந்தாள். 'மெயின் ரோட்டுக்கு மிக அருகில், சுவையான குடிநீர், தென்னை மரங்களுடன் கூடிய வீட்டுமனைகள், குறைந்த மனைகளே உள்ளன, முந்துங்கள்' என்று எல்லா நோட்டீஸிலும் இருப்பதுதான். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அடித்து அடித்து அவள் விட்டுவைத்தது இது:

மிக அருகில்
நீர்
மரங்கள்
குறைந்த
மனை
முந்துங்கள்

'குடிநீர்' என்பதில் 'குடி'யை அடித்துவிட்டாள். 'நீர்' என்றால் தண்ணீர், 'நீர்' என்றால் நீங்கள். குடியும் போய்விட்டது, குடி என்றால் குடும்பம் அல்லவா. 'மரங்களுடன்' என்பதில் 'உடன்' போயிற்று, கூட இருந்தது போயிற்று. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் அழித்தெழுதும்போது சொல் சொல்லாகத்தான் பெரும்பாலும் போகும், உருபுகள் தனித்தனிச் சொல்லாக நிற்பதால். தமிழில் சொல்லுக்குள்ளேயே வேற்றுமையும் உடைமையும் பன்மையும் ஒட்டிக்கொண்டிருப்பதால், ஒரு சொல்லின் வாலை வெட்டினாலே உறவு அறுந்துபோகிறது. ஆங்கிலக் கோட்பாட்டுப் புத்தகம் எதிலும் இது இருக்க வாய்ப்பில்லை, நம் மொழிக்குள் அந்த உத்தியைக் கொண்டுவந்து பார்த்தால்தான் தெரியும். எதை அடிப்பது என்று எப்படி முடிவு செய்தாய் என்று கேட்டேன். "எங்க தோப்பு வித்தப்ப இதே மாதிரிதானுங்க சார் நோட்டீஸ் போட்டாங்க" என்றாள். அப்புறம் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பரீட்சைக்கு என்ன எழுதுவது என்றும் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும், மார்க் இல்லாமல் யாரும் வேலைக்குப் போக முடியாது. முதல் பத்தியில் அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். அடுத்து அந்த முறை வாசகரிடம் என்ன வேலை வாங்குகிறது என்று ஒன்றிரண்டு வரியை எடுத்துக் காட்டுங்கள். கடைசியில் அந்த முறை ஏன் அந்தக் காலத்துக்குத் தேவைப்பட்டது என்று எழுதுங்கள். திருத்துகிறவர் சம்மரியை எதிர்பார்த்திருந்தாலும் இப்படி எழுதின விடைக்கு மார்க் குறைத்ததாக என் பிள்ளைகள் யாரும் இதுவரை வந்து சொன்னதில்லை.

தறிக்கார தம்பிக்கு இப்போது வயது 22. 22 பகுதி, பகுதிக்கு 22 வாக்கியம், மொத்தம் 484 என்று கணக்குப் போட்டு எழுதத் தொடங்கியிருக்கிறான், ஆங்கிலத்தில். ராத்திரி ஷிப்டில் நூல் அறாமல் ஓடுகிற நேரத்தில் சின்ன நோட்டில் எழுதுகிறான், பக்கத்து ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. போன சனிக்கிழமை நான்காம் பகுதி வரை கொண்டுவந்து படித்தான். தறிச் சத்தம் நின்றால் தூக்கம் கலைந்துவிடும் என்று ஒரு வாக்கியம், அடுத்தது பாட்டியின் வெற்றிலைப் பை, அதற்கடுத்தது கரண்ட் பில். அஞ்சாம் பகுதி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டேன்.

"அந்த வருஷம் எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க சார். அம்மாகிட்டக் கேட்டுட்டு வரேனுங்க."